ஊர்ச் சபையில் அடக்கம்: துக்கம் வருமுன் தெரிந்துவைக்க வேண்டியவை

சென்னையில் இருந்துகொண்டு, "நான் போனா ஊர்லதான் வைக்கணும்" என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பா சென்னையில் இறந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் வெளிநாட்டில் இருந்ததால் எல்லாவற்றையும் நான் ஒருத்தியாக நின்று பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எது எதற்கு முன்னால் நடக்க வேண்டும், எங்கே பணம் போகும், எங்கே நாள் போகும் என்று யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் அந்த நாட்களில் நிம்மதியாக அழவாவது முடிந்திருக்கும். துக்க வீட்டுக்குக் கடவுள் சபையார் வழியாக வருகிறார். அதை முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்த நேரத்தில் தலை நிறையக் கணக்கும் கை நிறையக் காகிதமும் இருந்தால், அவர் தருகிற ஆறுதலை வாங்கிக்கொள்ள மனசு இருக்காது.

முதல் போன் வண்டிக்காரருக்கு இல்லை, ஊர்ச் சபையை அன்றாடம் கவனிக்கிற உபதேசியாருக்கு. அவர் வழியாகச் சேகரத்து ஐயருக்கு, அதாவது போதகருக்கு. ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும், ஐயர் ஒருவர்தான். அதே நாளில் இன்னொரு சபையில் கல்யாணமோ திருவிருந்தோ இருக்கலாம். ஐயர் எந்த மணிக்கு வரமுடியும் என்று தெரிந்த பிறகுதான் அடக்க நேரத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நாமாக "நாளை மதியம் ரெண்டு மணி" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால், திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்பியவர்கள் பாதி வழியில் தவிப்பார்கள். எங்கள் பக்கத்தில் சாயங்காலம் நான்கு மணியை ஒட்டி அடக்க ஆராதனை வைப்பது வழக்கம். குழி வெட்டவும், தூரத்து ஆட்கள் வந்து சேரவும், இருட்டுமுன் மண் மூடவும் அதுதான் தோது.

உபதேசியாருக்குச் செய்தி போனதும், கோவில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டி துக்க மணி அடிப்பார். விட்டு விட்டு, மெதுவாக அடிக்கிற அந்த மணிக்கு என்ன வேலை என்பது பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. 1799-ல் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான காலத்திலிருந்தே இந்தத் தெற்குச் சீமையில் பல ஊர்கள் கோவிலைச் சுற்றி எழும்பியவை. மணி அடித்தால் ஊருக்கே அறிவிப்பு. அதன் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவர் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார், ஒருவர் பந்தல்காரரைப் பிடிப்பார், பெண்கள் வீட்டைக் கூட்டிப் பாய் விரிப்பார்கள். நாம் சென்னையில் வண்டி ஏறும்போதே அங்கே வேலை தொடங்கியிருக்கும்.

இனி காகிதம். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். இறப்புக்கான காரணத்தைக் காட்டும் மருத்துவச் சான்று படிவம் 4-ல் வரும். வீட்டில் இறந்தால் பார்த்துவந்த டாக்டரிடம் 4ஏ படிவத்தில் வாங்க வேண்டும். அதை உடலைக் கிளப்புமுன் வாங்கிவிடுங்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும்; அடக்கம் எங்கே நடந்தாலும் சரி. சென்னையில் இறந்தவரை ஊர் வி.ஏ.ஓ. பதிய முடியாது, சென்னை மாநகராட்சியில்தான் பதிய வேண்டும். சென்னைக்குள் அடக்கம் செய்கிறவர்களுக்கு மயானத்திலேயே இதைக் கேட்டு வழிகாட்டிவிடுவார்கள். வெளியூர் கொண்டுபோகிறவர்களுக்கு நினைவூட்ட ஆள் கிடையாது. 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. அது தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம், பிறகு எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டு தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வரை போய் உத்தரவு வாங்க வேண்டும். சபை அடக்கப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதே, அது போதும் என்று இருந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. அந்தப் பதிவேட்டு நகல் சபைக்குள் செல்லும். வங்கிக்கும் பட்டா மாற்றத்துக்கும் செல்லாது.

வண்டி விஷயத்தில் துக்க முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் உண்டு. சென்னையிலிருந்து எங்கள் ஊர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதலில் கேட்ட இடத்தில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கொடுத்ததற்கும் ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்களுக்காகப் பேசினார். துக்கத்தில் இருக்கிறவர் வாடகை பேசக் கூடாது, வேறு ஆளிடம் விட்டுவிடுங்கள். சுங்கச்சாவடி, டிரைவர் படி, திரும்பிப் போகும் டீசல் எல்லாம் சேர்த்தா என்று கேட்டுப் பேப்பரில் எழுதி வாங்குங்கள். குளிர்பெட்டி உள்ள வண்டி என்றால் இந்தத் தூரத்துக்கு எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது) தேவைப்படாது. விமானத்தில் கொண்டுபோனால்தான் அது கட்டாயம். ஊரில் இறக்கியதும் வேறு குளிர்பெட்டி தயாராக இருக்க வேண்டும். அந்தப் பெட்டியை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் பெட்டி தருகிறவரிடமே பேசி, ஜெனரேட்டரோடு வரச்சொல்லுங்கள். முற்றத்துக்குப் பந்தல்காரர் இழுக்கிற விளக்கு ஒயரில் பெட்டியைச் சேர்க்க விடாதீர்கள். பாரம் கூடி பியூஸ் போகும்.

அடுத்ததை எழுதக் கசப்பாக இருக்கிறது. சங்கக் காணிக்கை, அதாவது சபை அங்கத்தினர் கட்டும் சந்தா, பாக்கி. சென்னையில் ஒரு சபைக்கு ஒழுங்காகக் காணிக்கை கொடுத்துக்கொண்டிருப்போம், ஊர்ச் சபையில் பெயர் அப்படியே இருக்கும், அங்கே பல வருஷமாகச் சந்தா கட்டியிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு அது நினைவிலேயே இருக்காது. உடல் வீட்டு முற்றத்தில் இருக்கும்போது கமிட்டியார் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். குழி தர மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தியது, இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. பாக்கியைச் சொந்தக்காரர் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டினார். யோசித்துப் பார்த்தால் கோவிலுக்கு வெள்ளையடிப்பதும் கோயில்குட்டிக்குச் சம்பளமும் கல்லறைத் தோட்டத்துக் காம்பவுண்டுச் சுவரும் அந்தச் சிறு காணிக்கையில்தான் நடக்கிறது. கேட்பது நியாயம், கேட்ட வேளைதான் நியாயமில்லை. ஆகவே பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, அடுத்த முறை ஊருக்குப் போகையில் பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கி, அப்பாவின் வேதாகமத்துக்குள் வையுங்கள். சென்னைச் சபைக்கே பெயரை மாற்றியிருந்தால், அங்கத்தினர் என்று அந்தச் சபை ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஊரில் குடும்பக் கல்லறை இடம் இருந்தால் அதற்கு என்ன ஆதாரம், அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவைப்பது நல்லது. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அந்த இடத்துக்காக முகம் திருப்பிக்கொண்டதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

குழி வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அன்று கூட்டத்துக்கு நடுவே ஏதாவது தவறினால் இங்கேதான் தவறும். எங்கள் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேட்டு நிலம். ஆறடி ஆழம் போக வேண்டும். கரிசல் நிலத்தைப் போல நேர்ச்சுவராக வெட்டினால் நிற்காது, மணல் உள்ளே சரியும். அதனால் தேரிக்காரர்கள் மேலே அகலமாகத் தொடங்கிச் சரிவாக இறக்கி, அடியில்தான் பெட்டி அளவுக்கு ஒடுக்குவார்கள். வெட்டும்போது மணலை ஈரமாக்கிக்கொண்டால் சரிவது குறையும். மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் கனமான பலகை போட வேண்டும். பெட்டியை இறக்கும்போது கயிறு பிடிக்கிற ஆட்களோடு சொந்தக்காரர்களும் எட்டிப்பார்க்க நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், அந்தப் பாரத்தில் விளிம்பு உடையும். பலகை பாரத்தைப் பரவலாக்கும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்றால் குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டி, சுற்றிலும் வரப்பு போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

வண்டி விழுப்புரம் தாண்டும்போது ஊரிலிருந்து எனக்கு வந்த போன் இது: "எம்மா, பெட்டி என்ன நீளம்? கைப்பிடி சேத்துச் சொல்லு." கைப்பிடி சேர்த்து என்பதுதான் முக்கியம். பெட்டிக்கடையில் சொல்லுகிற அளவு மரத்தின் அளவு. இரண்டு பக்கமும் கைப்பிடி மும்மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் அடியை ஒடுக்கிவிட்டால் பாதி ஆழத்தில் பெட்டி சிக்கி நிற்கும். குடும்பமே பார்த்துக்கொண்டிருக்க அதை மேலே தூக்கி மறுபடி மண் வெட்டுவதை விடக் கொடுமை இல்லை. கடையிலேயே டேப் வைத்து நீளம், தோள் பக்க அகலம், மூடியோடு உயரம் மூன்றையும் அளந்து ஊருக்குச் சொல்லிவிடுங்கள். இறக்குவதற்கு நூல் கயிறு மூன்று. நைலான் கயிறு கை வழுக்கும். அந்த ராத்திரியில் எமர்ஜென்சி லைட் வைத்துக்கொண்டு குழி வெட்டியவர்கள் எங்களுக்கு ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை, டீயும் வடையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கடவுள் கூடவே இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது அவர்கள் கை நிறையச் செம்மண்ணைப் பார்த்தபோதுதான்.

ஆராதனை நான்கு இடத்தில் நடக்கும்: வீட்டில் ஜெபம், வீட்டிலிருந்து கோவிலுக்குப் பாடிக்கொண்டு ஊர்வலம், கோவிலில் அடக்க ஆராதனை, கல்லறையில் மண் போடுதல். பாட வேண்டிய பாமாலைப் பாட்டுகளின் எண்களை முன்பே பாடகர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றவர்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று அந்த நேரத்தில் கேட்டால் யாருக்கும் வாய் வராது. இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கலாம், அது கெட்ட சகுனம் ஒன்றும் இல்லை. வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க ஒரே ஆள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோவிலுக்குள் பேச வரும் பிரமுகர்களின் பட்டியலைக் குடும்பம் தயாரிக்காமல் ஐயரிடம் விட்டுவிட்டால், பெயர் விட்டுப்போன மனத்தாங்கல் நம் தலையில் விழாது.

துக்க வீட்டில் அன்று அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து காப்பியும் சோறும் வரும். வந்த தூக்குச்சட்டிகளை யார் வீட்டுடையது என்று பேப்பர் ஒட்டி ஒரு மூலையில் வைக்கச் சொல்லி ஒரு பிள்ளையை நியமியுங்கள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிற சாக்கில் அம்மா ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிரியாணிப் பந்தி போட்டுக் கடன்படுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐயர் ஜெபம் பண்ணி, வந்தவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்தால் மரியாதைக்குக் குறைவில்லை.

அடுத்து வருவது பெயர்த் தகராறு. ஞானஸ்நானப் பதிவேட்டில் யோவான், பள்ளிச் சான்றிதழில் ஜான், ஆதாரில் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒன்று, ஓய்வூதியப் புத்தகத்தில் வேறு முன்னெழுத்து. கிறிஸ்தவ வீடுகளில் இது சாதாரணம். இறப்புச் சான்றிதழில் எந்தப் பெயர் போகிறதோ அதை வைத்துத்தான் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வீட்டுப் பட்டா எல்லாம் நகரும். ஆகவே பதியும்போது ஆதாரிலும் வங்கியிலும் இருக்கும் பெயரையே எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கொடுங்கள், சான்றிதழ் கைக்கு வருமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறும். பெயர் ஒத்துப்போகாததால் எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க அலைச்சல். ஞானஸ்நானப் பதிவேட்டு நகலை ஐயரிடம் வாங்கி இணைத்த பிறகுதான் நகர்ந்தது. பழுப்பேறிய அந்தப் பெரிய நோட்டில் எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குருவானவர் மையில் எழுதிய வரியில் அப்பா குழந்தையாக இருந்தார்கள். அலுவலக வேலைக்காகப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

துக்கம் நடந்த வீட்டில் ஏற்கெனவே கல்யாணம் பேசியிருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும். பாதி வாசித்த நிலையில் சாவு விழுந்து நாளைத் தள்ளினால், மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டுமா என்று இரண்டு ஐயர்களிடமும் உடனே கேளுங்கள். தள்ளிய நாள் லெந்து காலத்துக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்குள், விழுந்தால் பல சபைகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஈஸ்டர் தாண்ட வேண்டும். லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் எந்தத் தேதி என்று பார்க்காமல் மண்டபத்துக்கு மறுபடி அட்வான்ஸ் கொடுத்து அதையும் இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. முடிந்தவரை பெரிதாகத் தள்ளாமல் எளிமையாக நடத்திவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். அடக்கத்துக்குப் பாடிய அதே பாடகர் குழு கல்யாணத்துக்கும் பாடும், அதே மணிதான் அடிக்கும், நடைமட்டும் வேகமாக இருக்கும்.

முதல் வருஷத்தில் மனசைத் தேற்றியது அசனம், அதாவது கோவில் பண்டிகையில் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற பொது விருந்து. சாவு வீட்டுப் பெண்கள் ஒரு வருஷம் எந்தப் பண்டிகைக்கும் வராமல் ஒதுங்கியிருப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம், அது கிறிஸ்தவத்தில் எங்கும் சொல்லாதது. கோவிலை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்காமார் வாசலில் வந்து நின்று, "மைனி, உள்ளி உரிக்க ஆள் பத்தல, வாங்க" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூட்டை மூட்டையாக உள்ளி (வெங்காயம்), சுற்றிலும் பெண்கள். அங்கே கண்ணீர் விட்டால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சமையலில் கைகொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர், நூறு கிலோ என்றால் எண்ணூறு பேர். இருபத்தைந்து கிலோவுக்கு ஒரு அண்டா என்று பிரித்து வடித்தால் பக்குவம் ஒன்றுபோல வரும், ஒரே பெரிய அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேல் நறுக்கரிசியாக நிற்கும். வடித்த சோற்றைப் பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி, ஆவி போகுமட்டும் பரப்பிவைக்க வேண்டும். சூட்டோடு குவித்து மூடினால் நடுவில் நசநசத்து மதியத்துக்குள் புளித்துவிடும். அப்பாவின் நினைவாக ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் பணமாகக் கொடுப்பதை விட அரிசி மூட்டையாகக் கொடுத்து, வடிக்கிற இடத்தில் நாமும் நிற்பது நிறைவு தரும்.

விளைச்சலைக் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு பூசணிக்காய், ஒரு வாழைத்தார், ஒரு சேவல் என்று ஏலம் போகும். "உங்க அப்பா வருஷா வருஷம் எடுப்பாரே" என்று ஒரு குரல் வந்தால் துக்கத்தில் இருக்கிற பிள்ளை கணக்கில்லாமல் கேட்டுவிடும். போகுமுன் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வீட்டில் பேசி முடிவெடுத்து, ஏலம் கேட்கிற வேலையை ஒரே ஆளிடம் விடுங்கள்.

கல்லறை கட்ட அவசரப்பட வேண்டாம். தேரி மண் ஒரு மழைக்காலம் நனைந்து இறங்கிய பிறகுதான் கெட்டிப்படும். இரண்டாம் மாதமே சிமென்ட் மேடை போட்டவர்களுக்கு அடுத்த மழையில் நடுவில் விரிசல் விட்டுப் பலகைக்கல் சாய்கிறது, மறுபடி முழுச் செலவு. அதுவரை மண்மேட்டைச் சுற்றிச் செங்கல் பதித்து மரச்சிலுவை நட்டால் போதும். கமிட்டியிடம் நீள அகலத்தை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள். கல்வெட்டுக்காரரிடம் வாயால் சொல்லாமல், பெயர், பிறந்த நாள், இறந்த நாள், வசனம் நான்கையும் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்து, வெட்டுமுன் கல்லின் மேல் எழுதிய மாதிரியைப் போட்டோ அனுப்பச் சொல்லிப் பாருங்கள். கல்லில் வெட்டிய பிறகு ஒற்றெழுத்தைக் கூடத் திருத்த முடியாது.

வீட்டில் அடுத்த குழந்தை பிறந்து தாத்தா பெயரை வைக்கப்போகிறீர்கள் என்றால், ஞானஸ்நானத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயரை ஏற்றிவிடுங்கள். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஐயர் பதிவேட்டில் எழுதும்போது அந்தச் சான்றிதழைக் கையில் கொடுத்து, முன்னெழுத்து உட்பட அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள்.